பாணுக்கும் நாடி பார்த்த வாட்ச்

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கும் வேலை என்னுடையது. கண்டி நகரில் பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்ட போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். செத்தவர்களைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர். "அன்பான கணவர், பாசமிகு தந்தை, எல்லோருக்கும் உதவியவர்" என்று கம்பியூட்டரில் தயாராகக் கிடக்கிறது. ஆளின் பெயரை மாற்றினால் போதும். என் அக்கா கத்தரீனாவின் புருஷன் கபிரியேலுக்கும் அதையேதான் போட்டேன். தந்தை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன், அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அட்டை அழகாக வந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால், மச்சானைப் பற்றி அட்டையில் எழுதாததை எல்லாம் சொல்ல வேண்டும்.

மச்சான் ஐம்பத்தாறு வருடம் உயிரோடு இருந்தார். அவ்வளவு காலமும் அடுத்தவர் பாவித்துவிட்டுப் போட்டதைத்தான் பாவித்தார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அவர் பிறந்தபோது அவருடைய பெயர்கூட ஒருமுறை பாவித்த பெயர்தான். அவருக்கு முன்னால் கபிரியேல் என்று ஒரு பிள்ளை பிறந்து எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. ஞானஸ்நான உடுப்பு பெட்டிக்குள் இருந்தது, பெயரும் சும்மா கிடந்தது. இரண்டையும் எடுத்து இவருக்குப் போட்டுவிட்டார்கள்.

அதற்கு மேல் பெர்னாட் என்று ஒரு அண்ணன். அண்ணன் போட்டுக் கழித்த சேட்டு, அண்ணன் படித்துக் கிழித்த புத்தகம். முதல் நன்மை வாங்கும்போது அண்ணனின் சப்பாத்து. இரண்டு அளவு பெரிது என்று முன்பக்கம் பேப்பர் திணித்து, பீடம்வரை சரக்சரக்கென்று சத்தம் போட்டு நடந்தாராம். வளர்ந்து மருந்துக் கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். அங்கேயும் முதலில் இருந்தவர் விட்டுப்போன மேசை, விட்டுப்போன கதிரை. கதிரையின் முதுகில் அந்த மனிதரின் பெயர் வெட்டியிருந்தது. பதினெட்டு வருடம் அந்தப் பெயரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இப்போது சொல்லப்போவதை அக்கா கேட்டால் என் கன்னம் பழுத்துவிடும். அவளைக்கூட முதலில் பேசியது பெர்னாட்டுக்குத்தான். கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாயிற்று: பெர்னாட்டும் கத்தரீனாவும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்றாம் ஞாயிறுக்குள் பெர்னாட்டுக்கு டோஹாவில் வேலை சரிவந்தது, மனம் மாறிவிட்டது. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று. எங்கள் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, கபிரியேல் வந்து நின்று, "நான் கட்டிக்கிறேன் மாமா" என்றார். மறுபடி மூன்று ஓலை. ஊர் சிரித்தது. அண்ணனுக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அக்கா அந்தக் கோட்டை இருபத்தெட்டு வருடம் பூச்சி உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். கடைசியில் அதைத்தான் அவருக்குப் போட்டும் விட்டாள்.

நானோ ஒரே ஆண் பிள்ளை. எனக்கு எல்லாமே புதிது. அடுத்தவன் போட்ட உடுப்பு என் உடம்பில் பட்டதே இல்லை. மச்சானின் இந்தக் கதைகளைக் கேட்டு நான்தான் அதிகம் சிரித்தவன்.

மூன்று வருடத்துக்கு முன் நத்தார் பண்டிகைக்கு வந்த பெர்னாட், தனக்குப் புது ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருந்ததால் பழையதைக் கழற்றித் தம்பிக்குக் கொடுத்தார். பெரிய மனசு! அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாள் அக்கா. மச்சானும் சந்தோஷமாகத்தான் கட்டினார். ஒரு கிழமை போனபின் அந்த வாட்சின் குணம் தெரிந்தது.

காலையில் கண் விழித்தால் அது "குட் மோர்னிங் பெர்னாட்" என்று எழுதிக் காட்டும். பாஸ்வேர்டை அண்ணன் மறந்துவிட்டாராம், அதனால் பெயரை மாற்ற வழியில்லை. மச்சான் அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்த நடையெல்லாம் பெர்னாட்டின் கணக்கில் ஏறி, டோஹாவில் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு "இன்று நன்றாக நடந்தீர்கள்" என்று பாராட்டுப் போகும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வளைவுகளில் ஆடி ஆடி வந்தால் அதையும் நடையென்று எண்ணும். நாற்பது வீதம் சார்ஜ் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று இருண்டுபோகும். ஒருநாள் பூசையில் சாமி பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது, நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள் எழும்புங்கள் என்று வாட்ச் நடுங்க, மச்சான் எழும்பி நின்றுவிட்டார். சொன்னால் கேட்கிற பிறவி. கோயிலே திரும்பிப் பார்த்தது.

எல்லாவற்றையும் விட மோசம் அதன் நாடி பார்க்கும் வேலை. கையைத் தூக்கினால் நேரத்துக்குக் கீழே சிவப்பு இதயம் ஒன்று வந்து துடிக்கும், பக்கத்தில் எண் ஓடும். மச்சான் படுத்திருந்தால் நூற்றிமுப்பது என்னும், படி ஏறினால் ஐம்பது என்னும். ஒரு பின்னேரம் என் கடையில் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட பேக்கரியில் றோஸ் பாண் வாங்கி வைத்திருந்தேன். விளையாட்டாக மச்சானின் வாட்சைக் கழற்றி அந்தப் பாணைச் சுற்றிக் கட்டினேன். இதயம் வந்தது. எண் ஓடியது. எண்பத்திநாலு.

"பாணுக்கு நல்ல சுகம் மச்சான். உங்களவிட நல்லா இருக்குது" என்றேன்.

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அவர், "அக்காகிட்ட சொல்லிறாத அன்ரனி, அவ பெருமையா நெனச்சிக்கிட்டிருக்கா" என்றார். நான் சொல்லவில்லை. பாண் கதை எங்கள் இரண்டு பேரோடும் நின்றது.

பாணைச் சாப்பிட்டு முடித்தபின் அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகத் தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரு ஆச இருக்கு. ஒரு வாட்ச் வாங்கணும். நல்ல வாட்ச், கெட்ட வாட்ச்ங்கிறது இல்ல. பொட்டிய நான் ஒடச்சதா இருக்கணும். அதுல மொத மொத என் கைதான் பட்டிருக்கணும்."

"வாங்குங்களேன். யாரு வேணான்னது?"

"வாங்குறேன். வாங்கிட்டா அத யாருக்கும் குடுக்க மாட்டேன். சாகுற வரைக்கும் கழட்ட மாட்டேன்."

கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் போனஸ் வந்தது. மே மாதம் பிறந்ததும் நகரில் போன் கடை வைத்திருக்கும் ரஸீனிடம் இரண்டு பேரும் போனோம். ரஸீன் நல்ல பிள்ளை, எனக்குப் பல வருடப் பழக்கம். அவன் பெட்டியைப் பிரித்துக் காட்டப் போனபோது மச்சான் பதறி அவன் கையைப் பிடித்துவிட்டார். "வேணாம் தம்பி, நான் பிரிக்கிறேன்." சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை நகத்தால் கீறி, மூடியைத் திறந்து, முதலில் மோந்து பார்த்தார். ரஸீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். கறுப்பு நிறம், சதுரம். பார்வைக்குப் பழையதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை மட்டும் உரிக்க விடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் பண்ணினார். "அன்ரனி, குட் மோர்னிங் கபிரியேல்னு சொல்லுது!" தூக்கம் கலைந்த கோபத்தில் ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டேன். அன்று களஞ்சியத்தில் எல்லோருக்கும் காட்டினாராம். பஸ் கொண்டக்டருக்கும் காட்டினாராம். பழைய வாட்சை அதன் சார்ஜரோடு ரேடியோ மேசை லாச்சிக்குள் போட்டார். புதியதன் பெட்டி, சார்ஜர், உத்தரவாத அட்டை எல்லாம் அக்காவின் அலுமாரிக்குள், பூட்டுக்குள் போயின.

ஒன்பதாம் நாள் மச்சான் பகல் வேளையிலேயே கடைக்கு வந்தார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. நான் அதை வெயிலென்று நினைத்தேன்; நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். வாட்சை நீட்டினார். உங்கள் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, வைத்தியரைக் காணவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. காலையிலிருந்து மூன்றாம் தடவையாம்.

நான் சிரித்தேன். "இன்னொரு பாண் வாங்கிட்டு வரவா மச்சான்?"

அவரும் கொஞ்சம் சிரித்தார். "பேராதன ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ போயிட்டு வருவமான்னு பாக்குறேன். படி ஏறுறப்ப நெஞ்சு ஒரு மாதிரி..."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் லீவு போச்சு. வாட்ச் பிழைக்கு டொக்டர் மருந்து குடுப்பாரா? வாங்க, ரஸீன்கிட்ட போவோம். கிழமை ரெண்டு ஆகல, மாத்திக் குடுக்கத்தான் வேணும்."

பேராதனைக்குப் போகும் பஸ் என் கடைக்கு எதிரேதான் நிற்கும். அதைத் தாண்டித்தான் ரஸீனின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரஸீன் வாட்சை வாங்கித் தன் கையில் கட்டினான். எழுபத்தாறு. கழற்றி மறுபடி மச்சானுக்குக் கட்டினான். நூற்றி நாற்பத்தெட்டு, நூற்றிப் பத்து, நூற்றி அறுபது என்று ஓடியது. அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, வாட்ச்ல பிழை ஒண்ணும் இல்ல. என்ட கையில சரியாத்தான் ஈக்கிது. ஒங்கட கையிலதான் இப்பிடி. டொக்டர் ஒராள்ட்ட காட்டுங்க. இன்னைக்கே காட்டுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாற்றிக் கொடுக்க மனமில்லாமல் கதை விடுகிறான் என்று நினைத்தேன். கடையில் நாலு பேர் நிற்கும்போதே சத்தம் போட்டேன். "பிழைச் சாமானக் குடுத்துட்டு ஆளு நோயாளின்னு சொல்லுறீங்களா? வேற ஒண்ணு எடுங்க!"

பாவம், அவன் உள்ளே போய், வேறொருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்த ஒன்று இருக்கிறது, புதிது வரும்வரை அதைக் கட்டச் சொல்லட்டுமா என்று கேட்டான். மச்சான் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம். இன்னொருத்தர் கட்டுனது வேணாம். எனக்கு இதுவே போதும்." பிறகு ரஸீனிடம் மெதுவாக, "தம்பி, இந்த எச்சரிக்க வராம நிப்பாட்டிற ஏலாதா?" என்றார்.

ரஸீன் தயங்கினான். "ஏலும் அண்ணே, ஆனா..."

"என்ன ஆனா? நிப்பாட்டிக் குடுங்க" என்றேன் நான்.

அவன் நிறுத்திக் கொடுத்தான். மச்சான் நிம்மதியாக மூச்சு விட்டார். வாட்சைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்துபோயிருந்தார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சுவலியை விட அந்தப் பயம் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

பதினொன்றாம் நாள் பின்னேரம் வேலை முடிந்து அம்பிட்டிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இறங்கும் இடம் வந்தும் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று கொண்டக்டர் விட்டுவிட்டான். பஸ் கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்தபின்தான் தோளில் தட்டிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு அக்காவிடம் கொடுத்தார்கள்.

உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வெசாக் பண்டிகை வெளிச்சக் கூடுகள் கட்டிய தெரு. பெர்னாட்டுக்குத் தைத்த அந்தக் கோட்டு, காலில் வெள்ளை மேசு, கையில் வெள்ளைக் கையுறை, கைகளுக்கிடையில் ஜெபமாலை. சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை ரஸீனும் வந்தான். அக்காவின் முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்ன அக்கா, டொக்டர்ட்ட காட்டச் சொல்லி. அந்த வாட்ச் சரியாத்தான் சொல்லிச்சு" என்றான். அவன் குற்றம் சொல்ல வரவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயும் கூடப் போயிருந்தியா?"

"போயிருந்தேன் அக்கா. வாட்ச் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அவள் எழும்பிப் போய் அந்தப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்தாள். எல்லோரும் பார்த்திருக்க, மச்சானின் இடது கையுறைக்கு மேலேயே வாட்சைக் கட்டிவிட்டாள்.

"அவருக்குன்னு வாங்குன ஒரே சாமான். அவருக்கு உண்மையச் சொன்னதும் இது ஒண்ணுதான். இது அவரு கூடவே போகட்டும்."

கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே அந்த வாட்சைப் பார்த்தேன். கண்ணாடித் தாள்கூட உரிக்காத வாட்ச். பின்னேரம் மூன்றரைக்கு மண்ணுக்குள் போய்விடும், மழை பெய்தால் நாளைக்கே நனைந்துவிடும். யாருக்கு என்ன பிரயோசனம்? இப்படித்தான் எனக்குள் கணக்கு ஓடியது. செலவுக்கு விற்றுக் கொடுக்கலாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. எனக்கு அது வேண்டும் போலிருந்தது. பிறந்ததிலிருந்து புதிதாகவே பாவித்த நான், முதல் தடவையாக அடுத்தவன் கட்டிய சாமானுக்கு ஆசைப்பட்டேன். அதுவும் பிணத்தின் கையில் இருந்ததற்கு.

செத்த வீட்டில் அடுப்பு எரியாது. பகல் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டில் சமைத்து எல்லோரையும் அங்கே கூப்பிட்டார்கள். அக்காவையும் இரண்டு வாய் சாப்பிடவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருக்கிறேன் என்றேன். பழைய வாட்ச் லாச்சிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். காலையிலேயே அதை எடுத்துச் சார்ஜில் போட்டிருந்தேன். அக்கா தொட்டுப் பார்த்து, வெளிச்சம் வராவிட்டால் சந்தேகப்படுவாள் என்று அவ்வளவு தூரம் யோசித்திருந்தேன். ஜெபமாலையைச் சரி செய்கிறவன் போல் குனிந்து, புதியதைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டு, பழையதைக் கட்டினேன். கையுறைக்குள் அவருடைய விரல்கள் விறகு போல் இருந்தன. கோட்டுக் கையை இழுத்து வாட்சைப் பாதி மூடிவிட்டேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சாமி வந்தார். செபம் முடிந்தது. மலர்ச்சாலை ஆள் இராமையா மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "கடைசி முத்தம் குடுக்குறவங்க குடுத்துருங்க" என்றார்.

அக்கா குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கை அவ்வளவு வளையவில்லை. ஆனால் அசைந்தது போதும். வாட்ச் வெளிச்சம் போட்டது.

சிவப்பு இதயம் வந்து துடித்தது. பக்கத்தில் எண் ஓடியது. எழுபத்தொன்பது. எண்பத்திநாலு.

அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "துடிக்குது! சாமி, அவருக்குத் துடிக்குது! மூடாதீங்க!"

சனம் முண்டியடித்தது. ஒருவர் முழங்காலில் விழுந்து இது புதுமை, அற்புதம் என்றார். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், இதயம் துடிக்கிறதுதான், எண் மாறுகிறதுதான். சாமி இரண்டு விரலை மச்சானின் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மகளே, இல்லம்மா" என்றார். இராமையா என் காதுக்குள், "எம்பாம் பண்ணுன பொடிங்க. ரத்தமெல்லாம் எடுத்தாச்சு. அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"மெஷின் பொய் சொல்லுமா? அன்னைக்கு இது சொன்னத யாரும் கேக்கல. கேக்காமத்தான் இவரு இங்க படுத்திருக்காரு. இன்னைக்கும் கேக்க மாட்டீங்களா?" என்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். பார்வை என்னிடம் வந்து நின்றது. "அன்ரனி! நீதானே அன்னைக்குப் பொய்னு சொன்ன? இப்பவும் பொய்னு சொல்லு பாப்பம்! சொல்லு!"

மூன்று சொல் போதும். அக்கா, இது பழசு. பாண் கதையைச் சொன்னால் அங்கேயே எல்லாம் தெளிந்துவிடும். பக்கத்து வீட்டில் பாண் இருந்தது, கட்டியே காட்டலாம். ஆனால் பழையது எப்படி அந்தக் கைக்கு வந்தது என்று அடுத்த கேள்வி வரும். புதியது என் காற்சட்டைப் பைக்குள், தொடையில் இடித்துக்கொண்டு இருந்தது. பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன்.

"சொல்லுடா!"

நான் சொல்லவில்லை. "டொக்டரக் கூப்பிடுவோம் அக்கா" என்றேன். அது எவ்வளவு கேடு கெட்ட வார்த்தை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது, தம்பியும் ஒத்துக்கொண்டான் என்று ஆகிவிட்டது.

சந்தியில் இருக்கும் டிஸ்பென்சரிக்கு ஆள் ஓடியது. அக்கா மச்சானின் கையை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் அணையும் ஒவ்வொரு தடவையும் கையைக் கொஞ்சம் அசைப்பாள், இதயம் திரும்ப வரும். "என்னங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க. டொக்டர் வர்றாரு. நான் இருக்கேன், போயிறாதீங்க." எண்பத்தொன்று. எழுபத்தாறு. தொண்ணூறு. எண் ஏறும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவர் மணிக்கூட்டில் மூன்று நாற்பது. சார்ஜ் இன்னும் பாதி இருந்திருக்கும். அந்தச் சனியனின் வழக்கம் அதுதானே. பட்டென்று இருண்டது.

அக்கா கையை அசைத்தாள். மறுபடி அசைத்தாள். வாட்சை விரலால் தட்டினாள், உள்ளங்கையால் தேய்த்தாள். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தாள். கையை மெதுவாக நெஞ்சின் மேல் வைத்தாள்.

"போயிட்டாரு" என்றாள்.

ஐந்து நிமிடம் கழித்து டொக்டர் வந்தார். பார்த்துவிட்டு, "உயிர் போய் ரெண்டு நாளாச்சும்மா" என்று இரக்கத்தோடு சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். "இல்ல டொக்டர். இப்பத்தான் போச்சு. நான் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இவ்வளவு பேரும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க." அதற்குப் பிறகு அவள் அழவில்லை. மூடியைப் போட்டார்கள். பெர்னாட்டின் கோட்டோடும் பெர்னாட் என்று கூப்பிடும் வாட்சோடும் மச்சானை மண்ணுக்குள் இறக்கினோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

போன கிழமை அட்டைக்கு விவரம் வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். மெலிந்துவிட்டாள். இரவில் தூங்குவதில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பெட்டிக்குள் உயிரோடு இரண்டு நாள் கிடந்தாரே, எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார் என்றே புலம்புகிறாளாம். மரணச் சான்றிதழில் ஆஸ்பத்திரி போட்ட தேதியும் நேரமும் இருந்தன. அதை அவள் மடித்து வைத்துவிட்டாள்.

"அது இல்ல. பதினஞ்சாந் தேதி பின்னேரம் மூணு நாப்பதுன்னு போடு. நீயும் பாத்தியே."

"ஆமா அக்கா" என்று எழுதிக்கொண்டேன். அட்டையில் இருக்கும் பொய் அதுதான். முந்நூறு அட்டை.

எழும்பும்போது அவள் அலுமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். மச்சான் நகத்தால் கீறிப் பிரித்த அதே பெட்டி. உள்ளே சார்ஜரும் உத்தரவாத அட்டையும் அப்படியே இருந்தன.

"வாட்ச் அவரு கூடப் போயிருச்சு. இது இங்க எதுக்கு? நீ எப்பவாச்சும் இந்த மாதிரி வாங்குனா ஒதவும், எடுத்துக்க. பழசத்தான் காணல, எங்க வச்சாரோ. ஒனக்கும் வயசு போகுது அன்ரனி. நெஞ்சு ஏதும் பண்ணுச்சுன்னா ஒடனே போய்க் காட்டிரு. அவர மாதிரி இருந்துறாத."

வாங்கிக்கொண்டேன். புதிய வாட்ச் அடக்கத்துக்கு நாலாம் நாளே சார்ஜ் இறங்கி என் கடை லாச்சிக்குள் செத்துக் கிடந்தது. பொருத்தமான சார்ஜர் கிடைக்காமல், ரஸீனிடம் கேட்கவும் முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கே கடையைப் பாதி மூடிவிட்டு வாட்சைச் சார்ஜில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்து, "ஹலோ கபிரியேல்" என்றது. இதில் பெயரை மாற்றுவது லேசான வேலை. மாற்றினேன். கண்ணாடித் தாளை உரித்து எறிந்தேன்.

பிறகு செட்டிங்கிற்குள் போய், ரஸீன் நிறுத்தி வைத்திருந்த அந்த இதய எச்சரிக்கையைத் தேடி எடுத்து, எனக்காக மறுபடி போட்டுக்கொண்டேன்.